சொந்தச் சிறை இல்லாத நகரம் என்ன செய்யும்?

அமெரிக்காவில் ஒரு நகரம் தன் கைதிகளை எங்கே அடைக்கிறது, செலவு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். வாஷிங்டன் மாநிலத்தை வைத்துச் சொல்கிறேன்.

கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றம் என்றால் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தலைவலி. கடைத்திருட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது போன்றவை நகர எல்லைக்குள் நடந்தால் சிறைச்செலவு அந்த நகரத்தின் தலையில். பெரும்பாலும் கவுன்டி சிறையில் ஒப்பந்தம் போட்டு இடம் பிடிப்பார்கள். கிட்டத்தட்ட லாட்ஜ் கணக்குதான்: உள்ளே பதிவதற்கு ஒரு கட்டணம், பிறகு நாள் வாடகை. சில ஒப்பந்தங்களில் படுக்கை காலியாகக் கிடந்தாலும் பணம் கட்டியாக வேண்டும்!

சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுன்டி, தன் சிறையில் இனி இடம் தர முடியாது என்று எச்சரித்ததும், அங்குள்ள ரென்டன், ஆபர்ன் உள்ளிட்ட ஏழு நகரங்கள் கூட்டுச் சேர்ந்து, கடன்பத்திரம் வெளியிட்டு 'ஸ்கோர்' சிறையைக் கட்டின. 2011இல் திறந்த அச்சிறை இப்போது பிற நகரங்களுக்கும் வாடகைக்கு இடம் தருகிறது.