நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் உதைபந்தாட்டக் கழகம் முதன்முறையாகச் சம்பளத்துக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை எடுக்கப்போகிறது. நிர்வாகக் குழுவில் பலர் எங்கள் முன்னாள் அணித்தலைவரையே மனதில் வைத்திருக்கிறார்கள். கிண்ணியாவிலிருந்து ஒருவரும், பெண் பயிற்றுவிப்பாளர் ஒருவரும் விண்ணப்பித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செய்வதுபோல அவர்களையும் நேர்முகத்துக்கு அழைத்தால் நியாயமாகிவிடுமா?
– கழகச் செயலாளர், திருகோணமலை

பதில்: ஆகாது. ஆளை முடிவுசெய்துவிட்டு மற்றவர்களை அழைப்பதானால் அழைக்காமலே விடுங்கள். ஒருவர் ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு வருவது உங்கள் பட்டியலை நிரப்ப அல்ல.

நீங்கள் சொல்வது ‘ரூனி விதி’. 2002 தொடக்கத்தில், நம் உதைபந்தாட்டம் அல்லாத, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் லீக்கான என்எஃப்எல்லில் டோனி டங்கி, டெனிஸ் கிரீன் என்ற இரு கறுப்பினப் பயிற்றுவிப்பாளர்கள் நீக்கப்பட்டார்கள். டங்கியின் அணி அந்தப் பருவத்தில் தோற்றதைவிட வென்றதே அதிகம். எதிர்ப்புக் கிளம்பியது. தலைமைப் பயிற்றுவிப்பாளர் இடத்துக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காண வேண்டும் என்ற விதி 2003இல் வந்தது. பிட்ஸ்பர்க் அணியின் உரிமையாளர் டான் ரூனியின் பெயர்தான் அதற்கு.

அதே ஆண்டில் டிட்ராயிட் அணி ஸ்டீவ் மரியூச்சியை எடுத்தது. அழைக்கப்பட்ட கறுப்பினத்தவர்கள் வர மறுத்தார்கள். வேலை யாருக்கு என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அணியின் நிர்வாகத் தலைவருக்கு 2 இலட்சம் டொலர் அபராதம் விழுந்தது. 2022இல் கறுப்பினப் பயிற்றுவிப்பாளர் பிரையன் ஃபுளோரஸ் தொடுத்த வழக்கிலும் இதே முறைப்பாடுதான்: தன்னை நேர்காணுமுன்னே நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணி வேறொருவரைத் தீர்மானித்துவிட்டது என்றார். அணி அதை மறுத்தது.

அதற்காக விதியே வீண் என்று சொல்லமாட்டேன். 2007இல் ரூனியின் அணிக்குள்ளேயே அந்தப் பதவிக்கு எதிர்பார்க்கப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் வெளியிலிருந்து வந்த கறுப்பினத்தவரான 34 வயது மைக் டொம்லினின் பேச்சை மனம் திறந்து கேட்டார்கள், அவரையே எடுத்தார்கள். 2009 பெப்ரவரியில் அவர் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சுப்பர் போலை வென்று கொடுத்தார்.

ஆகவே விண்ணப்பங்களைப் பிரிக்குமுன் குழுவைக் கூட்டி, எதற்கு எத்தனை புள்ளி என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பயிற்சிச் சான்றிதழ், இளையோரோடு வேலைசெய்த அனுபவம், தமிழிலும் சிங்களத்திலும் வீரர்களோடு பேசக்கூடிய தன்மை என்று உங்களுக்குத் தேவையானதைப் போடுங்கள். ‘எங்கட கழகத்துக்காக விளையாடினவர்’ என்பதற்கும் புள்ளி கொடுக்க விரும்பினால், அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதும்போதே கை கொஞ்சம் தயங்கும்.

நேர்முகத்தைவிட மைதானத்தை நம்புங்கள். ஒவ்வொருவருக்கும் அதே பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொடுத்து, அரை மணி நேரம் பயிற்சி நடத்தச் சொல்லுங்கள். வாயால் வெல்பவர் யார், பிள்ளையின் காலைத் திருத்தத் தெரிந்தவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். குழுவினர் ஒருவரோடொருவர் பேசுமுன் தனித்தனியாகப் புள்ளி போடட்டும். தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் பேனா அந்தப் பக்கமே சாயும். விண்ணப்பதாரரின் உறவினர், நெருங்கிய நண்பர் யாரும் அந்த மேசையில் இருக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் வைக்காதீர்கள். தூரத்திலிருந்து வருபவருக்குப் பஸ் காசு கொடுங்கள். அந்தப் பெண்ணிடம் மட்டும் ‘பிள்ளைகளை யார் பார்ப்பது, இருட்டினால் எப்படிப் போவீர்கள்’ என்று கேட்காதீர்கள். மாலைப் பயிற்சிக்கு வரமுடியுமா என்பதை எல்லோரிடமும் ஒரேமாதிரிக் கேளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் முன்னாள் அணித்தலைவரே முதலில் வந்தால், தயங்காமல் அவருக்கே கொடுங்கள். மற்றவர்களை நீங்களே தொலைபேசியில் அழைத்து, எந்த இடத்தில் புள்ளி குறைந்தது என்று சொல்லிவிடுங்கள்.