வீட்டுத் தற்காப்புக்கு ரிவால்வர் லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. எந்தத் தோட்டா வாங்குவது? ஹாலோ பாயின்ட் அவசியமா?

அமெரிக்க யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.

எங்களுக்கு தேவகோட்டை. நகை அடகுத் தொழில் பார்த்த அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) ஒரு 32 ரிவால்வர் வைத்திருந்தார்கள். 32 என்றால் குழல் விட்டம் சுமார் 0.32 அங்குலம். அவர்களுக்கு 70 வயது தாண்டியதும் வாரிசு என்ற முறையில் லைசென்ஸை என் பேருக்கு மாற்றினோம். துப்பாக்கியோடு ஒரு பிஸ்கட் டின்னும் வந்தது. திறந்தால் பஞ்சுக்குள் 14 தோட்டா. பித்தளையில் பச்சைக் களிம்பு. ஒன்றிரண்டில் கேப்பை (தோட்டாவின் அடியில், அடிபட்டதும் பொறி கிளப்பும் சின்ன மூடி) சுற்றியும் பூத்திருந்தது. "ஒண்ணும் ஆகாதுப்பா, நான் வாங்குனது எல்லாமே நல்ல சரக்கு" என்றார்கள்.

இருப்பதில் சுத்தமாகத் தெரிந்த 6 தோட்டாவை எடுத்துக்கொண்டு மதுரையில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனேன். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது 'டிக்'. அவ்வளவுதான். நான் மறுபடி விசையை இழுக்கப் போக, கோச் போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது. குழல் இலக்கைப் பார்த்தபடியே 30 விநாடி காத்திருக்கச் சொன்னார். மருந்து தாமதமாகப் பற்றலாம். அதற்குள் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுற்றிவிட்டால் குண்டு குழலுக்கு நேராக இருக்காது, இரும்பில் மோதும். (நிஜ ஆபத்தில் வேறு வழியில்லை, அடுத்ததை இழுக்கத்தான் வேண்டும்.) அந்த ஆறில் இன்னொன்றும் ஏமாற்றியது. உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேயே பாதி முடிந்துவிட்டது: எந்த ரகம் என்பதைவிட, எப்போது செய்தது, எப்படி வைத்திருந்தது என்று பாருங்கள். பெட்டியில் தயாரிப்பு ஆண்டு இருக்கும்.

இனி ஹாலோ பாயின்ட். முனையில் குழி வைத்த குண்டு, உடம்புக்குள் போகும்போது ஈரம் அந்தக் குழியை நெருக்க, பூ மாதிரி விரியும். விரிய வேகம் வேண்டும். அமெரிக்காவில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் 9 மில்லிமீட்டருக்கு. விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். 1986-இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோலும் அவர்களுடைய பணிக்கானது: உடம்புச் சதைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் 10 சதவீத ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் இறங்க வேண்டும். இந்தியாவில் நமக்கு அந்த 9 எம்எம் தடைசெய்யப்பட்ட 'போர்' (bore, குழல் அளவு). நம் கையில் இருக்கும் 32 ரிவால்வர் தோட்டாவில் 98 கிரெயின், அதாவது 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல், ஈயக் குண்டு. வேகம் சுமார் 215 மீட்டர்தான். அந்த வேகத்தில் குழி விரியாமலே போகலாம், விரிந்தால் ஆழம் போதாது. ஆகவே மொட்டை முனை ஈயக் குண்டே போதும், வருத்தப்படாதீர்கள்.

கடையில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். லைசென்ஸில் "32" என்றுதான் இருக்கும், பிஸ்டலுக்கும் அதே எண். ஆனால் பிஸ்டலுக்கு 7.65 மில்லிமீட்டர், கட்டையாக, செம்பு உறை போட்டு, 71 கிரெயின் குண்டோடு வரும். ரிவால்வர் தோட்டா அதைவிட நீளம், விளிம்பு நன்றாகத் துருத்தியிருக்கும். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களில் நுழைந்தும்விடும். நுழைகிறதே என்று சுட்டுவிடாதீர்கள்.

தோட்டாவைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது எங்கள் வீடுதான். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்புக் கதவில் நின்றால் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி, பின் தெரு வரை ஒரே நேர்கோடு. கதவுகள் திறந்திருந்தால் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவில் போகிற சைக்கிள் தெரியும். காற்றுக்காக அப்படிக் கட்டினார்கள். அந்தக் கோட்டில் சுட்டுக் குறி தப்பினால் குண்டு தெருவுக்குத்தான் போகும். தரையோ ஆத்தங்குடிக் கல், சாய்வாகப் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். வளவில் அப்பத்தா பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, துப்பாக்கி இல்லாமல் வெறுங்கையோடு வீட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். பின்னால் கனமான செம்புறைக் கல் சுவர் இருப்பது இரண்டாம் கட்டில் ஒரே ஒரு மூலையில்தான். வேறு எந்தத் திசையிலும் விரலை விசைக்குள் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அப்பத்தா, "பேசாம நாய் ஒண்ணு வளர்த்துட்டுப் போயேன்" என்றார்கள். நாயும் இப்போது இருக்கிறது.

வருஷத்துக்கு எத்தனை தோட்டா, ஒரு தடவைக்கு எத்தனை என்று லைசென்ஸ் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். அதில் பாதியையாவது ரேஞ்சில் சுட்டுவிட்டு, புதிதாக வாங்கிக்கொள்வது என் வழக்கம். எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொடாதீர்கள், கேப்புக்குள் இறங்கிவிடும். தோல் பையிலும் நாள்கணக்காக விடாதீர்கள், களிம்பு அதில்தான் சீக்கிரம் பிடிக்கிறது.

அப்பச்சியின் பழைய தோட்டாக்களில் சுடாத 8, வெடிக்காத 2, ஆக 10. குப்பையில் போட முடியாது என்பதால் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து ஒப்படைத்தேன். பிஸ்கட் டின்னில் ஆத்தா சட்டைப் பொத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள்.