விரல் உவமையின் மறுபாதி

கேள்வி: மங்கோலியப் பேரரசர்கள் எல்லா மதங்களையும் சமமாக நடத்தினார்கள் என்றும், 'கைக்கு விரல்கள் பல இருப்பதுபோல் கடவுள் மனிதர்களுக்குப் பல வழிகளைத் தந்திருக்கிறார்' என்று மோங்கே கான் சொன்னார் என்றும் படித்தேன். அவர்களை மதச்சார்பின்மையின் முன்னோடிகள் என்று சொல்வதில் என்ன தயக்கம்?

பதில்: தயக்கம் உண்டு. 1254-இல் காரகோரம் தலைநகரில், ரூப்ரூக் ஊரைச் சேர்ந்த வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவியிடம் மோங்கே அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் கான் அத்துடன் நிறுத்தவில்லை. 'உங்களுக்குக் கடவுள் வேதத்தைக் கொடுத்தார், நீங்கள் அதன்படி நடப்பதில்லை. எங்களுக்குக் குறி சொல்பவர்களைக் கொடுத்தார், நாங்கள் அவர்கள் சொற்படி நடந்து நிம்மதியாக வாழ்கிறோம்' என்றும் சொன்னதாக வில்லியமே எழுதிவைத்திருக்கிறார். இந்த மறுபாதியை மேற்கோள் காட்டுவோர் அரிது.

பன்னிரண்டு கோயில்கள், இரண்டு மசூதிகள், ஒரு தேவாலயம் என அனைத்தும் அந்நகரில் இருந்தன என்பதையும், வில்லியமின் மன்னரான ஒன்பதாம் லூயியின் பாரிஸில் 1242-இல் யூதர்களின் தால்முத் நூல்கள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மங்கோலியர்களின் போக்கு அக்காலத்துக்கு அபூர்வமானது என்பதை மறுக்க முடியாது. நான் மறுப்பது அதற்குச் சூட்டப்படும் பெயரை மட்டுமே. அரசு மதத்திலிருந்து விலகி நிற்பது மதச்சார்பின்மை. கான்களோ எல்லா மதங்களையும் தமக்காக வேலை வாங்கினார்கள்.

இதன் தொடக்கத்தைச் செங்கிஸ் கானிடமே காணலாம். சாகாமருந்து கிடைக்கும் என்ற எண்ணத்தில் சீனத்திலிருந்து கியூ சூஜி என்ற முதிய தாவோ (சீனத்தின் பழைய மதங்களுள் ஒன்று) துறவியை இந்துகுஷ் மலைப்பகுதிவரை வரவழைத்தார். ஆயுளைப் பேண வழி உண்டு, சாகாமருந்து கிடையாது என்று 1222-இல் அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் அடுத்த ஆண்டே அவருடைய துறவிகளுக்கு வரிவிலக்கு கிடைத்தது. பின்னர் பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய மதகுருமார்களுக்கும் நீண்ட அந்தச் சலுகைக்கு ஈடாகக் கேட்கப்பட்டது, கானின் நலனுக்கான பிரார்த்தனை.

இதற்கான சான்று தமிழிலேயே இருக்கிறது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த, சக ஆண்டு 1203 (கி.பி. 1281) சித்திரை மாதக் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. 'செகசைகான் திருமேனிக்கு நன்றாக', அவருடைய பர்மான்படி (அரசாணைப்படி) அது செய்யப்பட்டது என்பது அதன் வாசகம். செகசைகான் என்பது அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. சிவன் கோயிலுக்கு அனுமதியும் உண்டு, அந்த வழிபாட்டின் பலனில் கானுக்குப் பங்கும் உண்டு.

அதே 1281-இல்தான், பௌத்தர்களோடு நடந்த பூசலில் தோற்ற தாவோ மரபின் நூல்களில் தாவோ தே ஜிங் என்ற மூலநூல் தவிர மற்றவற்றை எரிக்கும்படி குப்லாய் ஆணையிட்டார். அதற்குச் சற்று முன்பு, அரண்மனை விருந்தில் பரிமாறப்பட்ட இறைச்சியை முஸ்லிம் வணிகர்கள் தொடாததால் சினந்து, கழுத்தறுத்துப் பிராணிகளைக் கொல்லும் முறையையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தார். இரத்தம் தரையில் சிந்தாமல் மார்பைப் பிளந்து கொல்லும் மங்கோலிய வழக்கத்தையே அனைவரும் பின்பற்ற வேண்டியிருந்தது. அந்தத் தடை ஏறத்தாழ ஏழாண்டுகள் நீடித்தது. வணிகர் வரத்துக் குறைந்து கருவூலம் பாதிக்கப்பட்டது என்ற முறையீட்டுக்குப் பிறகே விலக்கப்பட்டது.

பாரசீகத்தில் நடந்தது இன்னும் கடுமையானது. பௌத்தராக வளர்ந்து, குராசான் பகுதியில் பௌத்த ஆலயங்களையும் எழுப்பிய மங்கோலிய இளவரசர் கசான், 1295-இல் இஸ்லாத்தைத் தழுவி அரியணை ஏறியதும் நாட்டிலிருந்த பௌத்த ஆலயங்களை இடிக்கச் செய்தார். துறவிகள் மதம் மாறவோ நாட்டை விட்டு வெளியேறவோ நேர்ந்தது. செங்கிஸ் கான் காலத்து வழக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை.