காட்சி நிஜம்தான், வரிசை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு போராட்டச் செய்தியை டிவியில் பார்த்துச் சந்தேகம் வந்தது. கூட்டம் கல் வீசுகிறது, பிறகு போலீஸ் தடியடி நடத்துகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினேன். அதே இடம், அதே நாள்தான். அப்படியென்றால் செய்தியை நம்பலாம்தானே? நண்பர் மட்டும் "எல்லாம் எடிட்டிங்" என்கிறார்.

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

இந்தப் படம் இதற்கு முன் வேறெங்காவது வந்திருக்கிறதா என்பதை மட்டுமே லென்ஸ் சொல்லும். அதற்கும் பயன் உண்டு. 2019 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, சிரியாவில் துருக்கியின் தாக்குதல் என்று ஒரு வீடியோவைக் காட்டியது. உண்மையில் அது கென்டக்கியில் ஒரு துப்பாக்கி சுடும் மைதானத்தில் நடந்த இரவு நிகழ்ச்சி. பழைய வீடியோ என்பதால் சீக்கிரமே பிடிபட்டது.

வரிசை மாறினால் லென்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. 1984 ஜூன் 18, இங்கிலாந்தின் ஆர்கிரீவ். வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள் கல் வீசியதால் குதிரைப் போலீஸ் பாய்ந்தது என்ற வரிசையில் பிபிசி காட்டியது. போலீஸ்தான் முதலில் பாய்ந்தது என்றார்கள் தொழிலாளர்கள். தொழிலாளர்கள் 95 பேர் மீது போட்ட வழக்கு 1985-இல் நீதிமன்றத்தில் நொறுங்கியது. 1991-இல் தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ் அவர்களில் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அவசரத்தில் வரிசை தவறுதலாக மாறிவிட்டது என்று பிபிசியும் ஒப்புக்கொண்டது. அத்தனை காட்சிகளும் நிஜம். காரணமும் விளைவும் மட்டும் இடம் மாறிவிட்டன.

இதற்குச் சதி தேவையில்லை. மூன்று மணி நேர நிகழ்வை 90 விநாடிக்குள் அடக்க வேண்டும். பல நேரம் வாய்ஸ் ஓவரை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற விஷுவலை அடியில் ஒட்டுவார்கள். கேமரா போலீஸ் பக்கம் நின்றிருந்தால் கல்லெல்லாம் பார்ப்பவரை நோக்கியே வரும். இந்தச் சாய்வுக்கு எடிட்டிங்கே வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது பின்னணியை. யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு, கீபோர்டில் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். கல் வீசும் காட்சியில் சாலையைப் பாருங்கள். செருப்புகள் சிதறிக் கிடக்கின்றனவா? அப்படியானால் கூட்டம் ஏற்கெனவே ஒருமுறை சிதறி ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். தடியடிக் காட்சியில் நிமிர்ந்து நிற்கும் தடுப்பு, அதற்கு முன் காட்டிய கல்வீச்சில் விழுந்து கிடக்கிறதா? நிழலின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். படம் வெட்டுப்படும் இடத்தில் கூட்டத்தின் சத்தம் துண்டுபடாமல் ஓடினால், ஒலியைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது வழக்கமான வேலைதான். ஆனால் அந்த ஒலியைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

மூலையில் ஓடும் கடிகாரத்தையும் நம்ப வேண்டாம். அது ஒளிபரப்பாகும் நேரம். காலையில் எடுத்ததை மாலை வரை லூப்பில் ஓட்டுவார்கள். அன்றைய நேரலைப் பதிவு கிடைத்தால், அதே காட்சி முதன்முதலில் எப்போது வந்தது என்று தேடுங்கள்.

நண்பர் சொல்வது பாதி சரி. எடிட் செய்யாத செய்தித் தொகுப்பே கிடையாது. எங்கே வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி. டிரம்ப் 2021 ஜனவரி 6-இல் பேசியதில் 50 நிமிடத்துக்கும் மேல் இடைவெளி இருந்த இரண்டு துண்டுகளை பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ஒரே வாக்கியம்போல் ஒட்டியது. அந்தச் சர்ச்சையில் 2025 நவம்பரில் பிபிசியின் தலைமை இயக்குநரே பதவி விலகினார்.

முரண் கிடைத்தால் முதலில் சேனலுக்கே எழுதுங்கள். இந்தியாவின் 2021 கேபிள் டிவி விதிகளின்படி சேனல் 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். "பொய்ச் செய்தி" என்று மொத்தமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். தேதி, ஒளிபரப்பான நேரம், எத்தனையாவது விநாடியில் எந்தக் காட்சி, எது எதற்கு முன் வந்திருக்க வேண்டும் என்பதைத் தனித்தனி வரியாக எழுதி, ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணையுங்கள்.