சுண்டைக்காய் அளவு கொழுக்கட்டையும் நாலு வயது சமையல்காரியும்

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்றரை. நான் சமையலறைக்குள் நுழைந்தாலே மகள் ‘நானும் செய்றேம்மா’ என்று காலைக் கட்டிக்கொள்கிறாள். விட்டால் தரையெல்லாம் மாவு, விரட்டினால் அழுகை. காயைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். சப்பாத்தியில் வெள்ளரிக்காய்க் கண், கேரட் மூக்கு வைத்துக்கூடக் கொடுத்துப் பார்த்தேன். நான் போட்டோ எடுத்ததுதான் மிச்சம், அவள் தொடவே இல்லை. இவளோடு சேர்ந்து என்ன சமைக்கலாம்? அடுத்த மாதம் பள்ளியில் ‘அடுப்பில்லாச் சமையல்’ போட்டி வேறு வருகிறது.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தச் சப்பாத்திக்கு மூக்கு வைத்தது யார்? நீங்கள்தானே! விளையாட்டை நீங்களே ஆடி முடித்துவிட்டு, தட்டை மட்டும் அவளிடம் நீட்டியிருக்கிறீர்கள். அவள் கேட்பது வேலை. சொப்புச் சாமானில் மண்ணையும் இலையையும் போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்கிய காலத்தில் நாமும் அதைத்தான் கேட்டோம்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். காலை ஏழரை மணிக்கு ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் டிபன் பாக்ஸ் என்று நிற்கும்போது யார் வந்து காலைக் கட்டினாலும் எரிச்சல்தான் வரும். ‘சனிக்கிழமை சாயங்காலம் நீ சமைக்கலாம்’ என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். இடம், தரை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். நாற்காலி வழுக்கும், கை எட்டும். பழைய வேட்டி ஒன்றை விரித்து, ஒரு தாம்பாளத்தை வைத்தால் போதும். செய்தித்தாளை விரிக்காதீர்கள். ஈர மாவில் அச்சு மை ஒட்டும். உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்வதும் இந்த மையால்தான்.

முதல் பாடத்துக்கு நான் எப்போதும் சொல்வது அம்மிணிக் கொழுக்கட்டை. கோதுமை மாவு இழுத்தால் சுருங்கும், சின்ன விரலுக்கு அடங்காது. அரிசி மாவில் அந்த இழுவை கிடையாது. வெந்நீர் பட்டதும் மாவுச்சத்து இளகிப் பசையாகி, களிமண் மாதிரி சொன்னபடி கேட்கும். ஒரு டம்ளர் இடியாப்ப மாவுக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி மூடிவையுங்கள். இதுவரை உங்கள் வேலை. அவள் அடுப்புப் பக்கமே வரக் கூடாது. மாவு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மூன்றாகப் பிரித்துத் தாம்பாளத்தில் வையுங்கள்.

இனி அவள் முறை. கெட்டியான பீட்ரூட் சாறு ஒரு கிண்ணத்தில், பசலைக்கீரை விழுது ஒரு கிண்ணத்தில், மூன்றாவது மாவுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். ஸ்பூனால் எடுத்து அவளே விடட்டும், அவளே பிசையட்டும். வெள்ளை மாவில் முதலில் சிவப்பு கோடு கோடாக ஓடும், பிறகு மொத்தமும் ரோஜா நிறத்துக்கு வரும்; அதற்குள் முழங்கை வரை சிவந்திருக்கும். சாறு கூடிப்போய் மாவு கையில் ஒட்டினால் நீங்கள் பிடுங்கிச் சரிசெய்ய வேண்டாம், இன்னும் கொஞ்சம் மாவு தூவச் சொல்லுங்கள். உருண்டையில் விரிசல் விட்டால் விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை அவளே தொட்டுக்கொள்வாள்.

சுண்டைக்காய் அளவுக்கு உருட்டியதும் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். உருண்டையாக, வழவழவென்று இருப்பது எதுவும் சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அமுக்கினால் வில்லையாகிவிடும், குழியில் தேங்காய்ப்பூவும் தங்கும். மகனுக்கு அந்த வில்லையையும் பிய்த்துத்தான் கொடுக்க வேண்டும், உட்கார வைத்து. அவனும் சும்மா இருக்க மாட்டானே, அவனுக்கும் ஒரு உருண்டை மாவும் குட்டிக் கிண்ணமும் கொடுத்துத் தட்டவிடுங்கள்.

இட்லித் தட்டில் எண்ணெய் தடவி எட்டு முதல் பத்து நிமிடம் ஆவி காட்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த்துருவலோடு புரட்டி எடுங்கள். மிளகாய் வேண்டாம். மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், பீட்ரூட் சிலருக்கு அப்படித்தான் காட்டும்.

சாப்பிடுவாளா என்றால், முதல் நாளே சாப்பிடுவாள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது இயல்பு. ஒரே காயைப் பத்து, பதினைந்து தடவை பார்த்து, தொட்டு, மோந்த பிறகுதான் சில குழந்தைகள் வாயில் வைக்கும். பிசைந்த இந்தத் தடவையும் அந்தக் கணக்கில் சேரும். ‘ஒண்ணே ஒண்ணு தின்னு’ என்று கெஞ்சாதீர்கள். அப்பாவுக்குப் பரிமாறும் வேலையை அவளிடம் கொடுங்கள். காயை அரைத்து மறைத்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் தோசையைக்கூடச் சந்தேகப்படும்.

மற்ற நாள்களுக்குச் சில்லறை வேலை நிறைய உண்டு: கீரை ஆய்வது, அவித்து ஆறிய உருளைக்கிழங்குக்குத் தோல் உரிப்பது, எலுமிச்சை பிழிவது. காய்ந்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் வரும் நீலத் தண்ணீரை ஆறவைத்து, அதில் அவளையே எலுமிச்சை பிழியவிடுங்கள். புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாகும், அவள் கத்தும் கத்தலில் பக்கத்து வீடு எட்டிப் பார்க்கும். பச்சைப் பட்டாணி உரிப்பதும் நல்ல வேலைதான், ஆனால் தம்பி தூங்கும்போது மட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் பட்டாணியை மூக்கில் போட்டுக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். பச்சைக் கோதுமை மாவையும் முட்டை ஊற்றிய கேக் மாவையும் நக்கவிடாதீர்கள். வேகாத மாவிலும் முட்டையிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம்.

போட்டிக்கு வருகிறேன். நான் பார்த்த போட்டிகளில் பாதி மேஜைகளில் அம்மா சமைத்திருப்பார், குழந்தை பக்கத்தில் தொப்பி போட்டு நிற்கும். உங்கள் மகள் முழுக்கத் தானே செய்யக்கூடியது வாழைப்பழ அவல். மெல்லிய அவலைக் கழுவி, தண்ணீரை வடித்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டாலே ஊறிவிடும். ஒரு வாழைப்பழத்தைக் கையால் மசித்து, நாட்டுச்சர்க்கரை, தேங்காய்த்துருவல் சேர்த்துப் பிசைந்தால் முடிந்தது. மேலே அழகுக்கு முழு முந்திரி, முழு திராட்சை வைக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறுங்கள், முந்திரியைப் பொடியுங்கள். வீட்டில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தால் போதும். அன்றைக்குப் பழத்தைத் தோலோடு கொடுத்தனுப்புங்கள், காம்பை மட்டும் லேசாகக் கீறிவைத்து. உரிக்க முடியாமல் அங்கே நின்று அழக் கூடாது பாருங்கள்.