ஜப்பான் டூர் பிளான் பண்றவங்க கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

எல்லாருக்கும் வணக்கம். 11 வருஷமா டோக்கியோல இருக்கேன், நிஷி கசாய் பக்கம், நம்ம நாட்டுக் குடும்பங்க நிறைய இருக்கற ஏரியா. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஊர்லருந்து யாராவது வந்து வீட்ல தங்குவாங்க, அவங்களைக் கூட்டிட்டுச் சுத்தறது என் வேலை. போன வாரம் ஜப்பான் டிரிப் பத்தி எதுவேணா கேளுங்கன்னு சொன்னேன், கேள்வி குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து எழுதறேன்.

கோவைவாசி: அக்கா, மார்ச் கடைசில 9 நாள் வர்றோம். நான், வைஃப், 7 வயசுப் பையன். டோக்கியோ, ஹகோனே, கனசாவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா லிஸ்ட்ல இருக்கு. 7 நாள் ஜேஆர் ரயில் பாஸ் எடுத்துட்டா லாபமா?

பதில்: தம்பி, முதல்ல அந்த லிஸ்ட்ல பாதியை அடிச்சிடுங்க. 9 நாள்ல 7 ஊர்னா பெட்டியைக் கட்டறதும் பிரிக்கறதுமாவே போயிடும், பையன் மூணாவது நாளே அழுவான். டோக்கியோல 4 ராத்திரி, கியோட்டோல 3, ஒசாகால 1, அவ்ளோதான். நாரா கியோட்டோலருந்து ரயில்ல முக்கால் மணி நேரம், காலைல போயிட்டு சாயந்தரம் வந்துடலாம். அங்க மானுக்கு 200 யென் பிஸ்கட் வாங்கிக் குடுத்தா தலையைக் குனிஞ்சு குனிஞ்சு கேக்கும், பையன் அதைத்தான் ஸ்கூல்ல போய் சொல்லப்போறான்.

பாஸ் வேண்டாம். 2023 அக்டோபர்ல விலையை ஏத்தினாங்க, 29,650 யென் இருந்த 7 நாள் பாஸ் 50,000 ஆயிடுச்சு. டோக்கியோ டு கியோட்டோ ஒரு வழி சுமார் 14,000 யென், போய் வந்தாலே 28,000தான் ஆகுது. அதுவும் டோக்கியோல இறங்கி ஒசாகால ஃப்ளைட் ஏர்ற மாதிரி டிக்கெட் போட்டீங்கன்னா திரும்பி வர்ற செலவே இல்ல, அரை நாளும் மிச்சம். பையனுக்கு பாதி டிக்கெட். நொசோமிங்கற புல்லட் ரயில்ல ரெண்டே கால் மணி நேரத்துல கியோட்டோ போயிடலாம், சீட் எடுக்கறப்ப E கேளுங்க, அது வலது பக்க ஜன்னல், கிளம்பி முக்கால் மணி நேரத்துல வானம் தெளிவா இருந்தா ஃபுஜி மலை முழுசா தெரியும். பெட்டியோட நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல வந்தா அதுக்குன்னு இடம் இருக்கற சீட்டாப் பார்த்து புக் பண்ணணும். அதைவிட நல்ல வழி, ஹோட்டல் ரிசப்ஷன்ல சொல்லி பெட்டியை அடுத்த ஹோட்டலுக்கு தக்யூபின்ங்கற பார்சல் சர்வீஸ்ல அனுப்பிடுங்க, பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துடும், நீங்க ஒரு பேக்பேக்கோட ஜாலியாப் போகலாம்.

செர்ரி பூக்கற நேரம்கறதால ரூமை மட்டும் இப்பவே போட்டுடுங்க.

லீவு கிடைச்சாதான்: மே முதல் வாரம்தான் எனக்கு லீவு. வரலாமா?

பதில்: அந்த ஒரு வாரத்தை மட்டும் விட்டுடுங்க ப்ளீஸ். ஏப்ரல் 29லருந்து மே 5 வரைக்கும் கோல்டன் வீக்ங்கற லீவு சீசன், ஜப்பானே ஊருக்குக் கிளம்பும். ஒரு வாரம் தள்ளி வந்தீங்கன்னா கிளைமேட்டும் சூப்பர், கூட்டமும் குறைவு. ஜூன்லருந்து ஜூலை நடு வரைக்கும் மழை, ஆகஸ்ட் வெயில் சென்னைக்காரங்களையே சாய்ச்சிடும். என்னைக் கேட்டா நவம்பர் கடைசி, கியோட்டோல இலை எல்லாம் செவந்து கிடக்கும்.

சுத்தசைவம்: மீன், முட்டை எதுவும் தொடமாட்டோம். அங்க போய் என்ன சாப்பிடறது? பழமும் பிரெட்டும்தானா?

பதில்: இந்தக் கேள்வி மட்டும் பதினஞ்சு பேர் கேட்டிருக்கீங்க, அதனால விலாவாரியா சொல்றேன். பிரச்சனை தட்டுல தெரியற மீன் இல்ல, தெரியாத மீன். ஜப்பான் சமையலுக்கு அடிப்படை தாஷின்னு ஒரு தண்ணி, நம்ம ரசத்துக்கு பருப்புத்தண்ணி மாதிரின்னு வெச்சுக்கோங்க. கொம்புங்கற கடல்பாசியும் கத்சுஓபுஷிங்கற காஞ்ச மீன் சீவலும் போட்டு எடுக்கறது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் குழம்பு, சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கற சாறு, சுண்டவெச்ச காய்கறி, ஏன், வெறும் தோஃபுதானேன்னு வாங்கினா அது மேல ஊத்தற சாஸ் வரைக்கும் அதுதான். 'வெஜிடேரியன்'னு இங்கிலீஷ்ல சொன்னா கறி மட்டும் வேண்டாம்னு புரிஞ்சுக்குவாங்க, தாஷியை யாரும் மீன் கணக்குல சேர்க்கறதே இல்ல, ஏமாத்தணும்னு பண்றது கிடையாது.

எங்க அம்மா வந்திருந்தப்ப கியோட்டோல ஒரு சந்துக்குள்ள எட்டு பேர் உட்காரற உதோன் கடைக்குப் போனோம். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெரியவர் பேசாம அண்டா மூடியைத் திறந்து காட்டினார். தச்சுப் பட்டறைல இழைப்புளி போட்டா சுருண்டு விழுமே, அந்த மாதிரி இளஞ்சிவப்பு சீவல் மேல மிதக்குது. அம்மா முகத்தைப் பார்த்துட்டு மூடிட்டார். அப்புறம் தனியா ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி வெச்சு, உதோனை அதுல வேகவெச்சு வடிச்சு, வெறும் சோயா சாஸ், துருவின இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு அம்மா முன்னாடி ரெண்டு கையாலயும் வெச்சார். காசு மெனுல இருந்ததைவிடக் குறைவாத்தான் வாங்கினார். அம்மா இன்னிக்கும் அந்த இஞ்சி வாசனையைச் சொல்வாங்க.

அதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரு சீட்டுல ஜப்பானிய எழுத்துல எழுதி வெச்சுக்கோங்க, இல்லன்னா வாயாலயே 'நிகு மோ சகனா மோ தாபேராரெமாசென், கத்சுஓ நோ தாஷி மோ தாபேராரெமாசென்'னு சொல்லுங்க. கறியும் மீனும் சாப்பிட முடியாது, மீன் தாஷியும் முடியாதுன்னு அர்த்தம். கூட்டமில்லாத நேரமா, மதியம் 2 மணிக்கு மேல போய்க் கேளுங்க, 12 மணிக்குக் கேட்டா அவங்களால நின்னு பதில் சொல்ல முடியாது. ரெண்டாவது, ஷோஜின் ரியோரி. புத்த மடத்துச் சாப்பாடு, தாஷியே கொம்பு, ஷீதாக்கே காளான்லதான் எடுப்பாங்க, முட்டையும் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட கிடையாது. ஒசாகாலருந்து கோயா மலைக்குப் போனா கோயில்லயே தங்கி இதைச் சாப்பிடலாம், 816ல கூக்காய்ங்கற துறவி ஆரம்பிச்ச இடம். ஒரு ராத்திரி அங்க தங்குங்கன்னு கையைப் பிடிச்சு சொல்வேன். டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ள கேயோ ஸ்ட்ரீட் பக்கம் டீஸ் தான்தான்னு ஒரு கடை இருக்கு, ராமென் முழுக்க வீகன், நூடுல்ஸ் ஆசையை அங்க தீர்த்துக்கலாம். அவசரத்துக்கு கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல உப்பு மட்டும் போட்ட சோத்து உருண்டை ஷியோ முசுபி கேளுங்க, கொம்பு போட்டது சைவம் மாதிரி இருக்கும் ஆனா மசாலால மீன் இருக்க வாய்ப்பு அதிகம்.

மேலப்பாளையம்: மீன் ஓகே, பன்னியும் மதுவும் கூடாது. ராமென் சாப்பிடலாமா?

பதில்: சாதாரண ராமென் கடை வேண்டாம் பாய், சூப்பே பெரும்பாலும் பன்னி எலும்புல கொதிக்கறது. ஜப்பான் குழம்பு சாதத்துல (curry rice) கூட குழம்புக்குக் கரைக்கற மசாலாக் கட்டில பெரும்பாலும் மிருகக் கொழுப்பு இருக்கும். சோயா சாஸ் போட்ட மீன் வறுவல் மாதிரி அயிட்டத்துல மிரின்னு ஒண்ணு சேர்ப்பாங்க, அதுல ஆல்கஹால் உண்டு. ஹலால் சான்றிதழ் இருக்கற கடைங்க டோக்கியோல அசகுசா பக்கமும் ஒசாகாலயும் இருக்கு, அதையே தேடிப் போங்க.

வேளச்சேரி: ரயில்ல பேசக்கூடாதாமே? வேற என்ன ரூல்ஸ்? தப்பு பண்ணிட்டா திட்டுவாங்களா?

பதில்: திட்டமாட்டாங்க, அதனாலதான் நாமளே தெரிஞ்சுட்டுப் போறது நல்லது. ரயில்ல மெதுவா பேசலாம், போன் பேசறதுதான் கூடாது, வீடியோ சத்தம் வேண்டவே வேண்டாம். எஸ்கலேட்டர்ல டோக்கியோல இடது பக்கம் நிப்பாங்க, ஒசாகால வலது பக்கம், முன்னாடி நிக்கறவரைப் பார்த்து நின்னுக்கோங்க. காலைல ஏழரைலருந்து ஒன்பது வரைக்கும் பெட்டி குழந்தையோட ஏறவேண்டாம். லேடீஸ் கோச் நிக்கற இடத்துல பிளாட்ஃபார்ம்லயே ரோஸ் கலர்ல எழுதியிருக்கும். கடைசி வண்டி நடுராத்திரி வாக்குல முடிஞ்சிடும், டாக்சி காசு எக்கச்சக்கம்.

குப்பைத்தொட்டி தேடினா கிடைக்காது. 1995ல சப்வேல சாரின் விஷவாயு தாக்குதல் நடந்தப்புறம் நிறைய இடத்துல எடுத்துட்டாங்க. பைல ஒரு கவர் வெச்சுக்கோங்க, வாங்கின கடைல போடலாம், இல்ல ரூமுக்கு எடுத்துட்டு வாங்க. கியோட்டோ நிஷிகி மார்க்கெட்ல வாங்கினதை அந்தக் கடை வாசல்லயே நின்னு சாப்பிட்டு முடிச்சிடுங்க, நடந்துட்டே சாப்பிடறது அங்க பிடிக்காது. அதே ஊர்ல கியோன் பக்கம் தனியார் சந்துக்குள்ள போனா 10,000 யென் அபராதம்னு போர்டே இருக்கு. கிமோனோ போட்டுட்டுப் போற கெய்ஷா கலைஞர்களைத் துரத்தி போட்டோ எடுக்கறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கற விஷயம், அவங்க வேலைக்குப் போய்க்கிட்டிருக்காங்க, பண்ணாதீங்க.

சாப்ஸ்டிக்கை சாதத்துல நட்டு வெக்காதீங்க, ஒருத்தர் குச்சிலருந்து இன்னொருத்தர் குச்சிக்கு மாத்தாதீங்க. முதல்லது இறந்தவங்களுக்குப் படைக்கறப்ப செய்யறது, ரெண்டாவது தகனத்துக்கப்புறம் எலும்பு எடுக்கற முறை. குழந்தைங்க விளையாட்டா செஞ்சாக்கூட பக்கத்து டேபிள்ல முகம் மாறிடும்.

யாழ் மகள்: அக்கா, நான் கொழும்பிலயிருந்து அம்மாவோட வாறன். ரியோக்கான் எண்ட பழைய முறை விடுதி ஒண்டில நிக்க ஆசை, ஆனா அந்தக் குளியல் முறையை நினைச்சா அம்மாக்குப் பயமாக் கிடக்கு. என்ன செய்யலாம்?

பதில்: வாங்கோ தங்கச்சி. ஆன்சென்ங்கற வெந்நீர் ஊற்றுக் குளியல்ல துணி எதுவும் போடக்கூடாது, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் தனித்தனி, பொம்பளைங்க பக்கம் பெரும்பாலும் சிவப்புத் திரை. முதல்ல சின்ன ஸ்டூல்ல உட்கார்ந்து சோப்பு போட்டு நல்லாக் குளிச்சிட்டுத்தான் தொட்டிக்குள்ள இறங்கணும், முடியைத் தூக்கிக் கட்டிக்கணும், டவல் தண்ணில படக்கூடாது. அம்மாவுக்கு ரொம்பத் தயக்கம்னா ரூமுக்குள்ளயே தொட்டி இருக்கற ரியோக்கான், இல்ல மணிக்கணக்குல வாடகைக்குத் தர்ற குடும்பக் குளியலறை எடுங்கோ. எங்க அம்மாவும் வாசல்லயே நின்னுட்டாங்க, 80 வயசு இருக்கற ஒரு பாட்டி உள்ளருந்து வந்து சின்ன டவலை மடிச்சு தன் தலை மேல வெச்சுக் காட்டி, அம்மா தலையிலயும் ஒண்ணை வெச்சு, கையைப் பிடிச்சு இறக்கி விட்டாங்க. ரெண்டு பேருக்கும் பேச ஒரு வார்த்தை கூட பொதுவா இல்ல, முக்கால் மணி நேரம் உள்ள இருந்தாங்க.

வாசல்ல செருப்பைக் கழட்டணும், தாத்தாமி பாய் மேல ஸ்லிப்பரும் கூடாது, டாய்லெட்டுக்குத் தனி ஸ்லிப்பர். ஓட்டை இல்லாத சாக்ஸ் நாலு ஜோடி எடுத்துட்டு வாங்கோ.

மாத்திரைப்பெட்டி: என்னென்ன கொண்டு வரக்கூடாது?

பதில்: சூடோஎஃபெட்ரின் இருக்கற சளி மாத்திரை, கோடீன் இருக்கற இருமல் மருந்து ரெண்டையும் அட்டைல பார்த்து ஒதுக்கிடுங்க. கறிவேப்பிலை, ஃப்ரெஷ் பழம், கறி ஊறுகாய், வேற இறைச்சி அயிட்டம் எதுவும் வேண்டாம், ஏர்போர்ட்ல நாய் மோந்து பார்த்துட்டு பக்கத்துல வந்து உட்கார்ந்திடும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமா. கரண்ட் 100 வோல்ட், ரெண்டு தட்டைப் பின், போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும், ஆனா ஊர் கெட்டில் சரியா சூடாகாது.

சில்லறை: கேஷா கார்டா? டிப்ஸ் எவ்ளோ?

பதில்: டிப்ஸ் கிடையாது, வெச்சிட்டு வந்தா பின்னாடியே ஓடி வந்து குடுத்துடுவாங்க. சுய்கா கார்டு ஒண்ணு எடுத்தா ரயில், பஸ், கன்வீனியன்ஸ் ஸ்டோர் எல்லாத்துக்கும் ஆகும். சின்னக் கடை, கோயில் உண்டியலுக்கு கேஷ் வேணும், செவன் பேங்க் ஏடிஎம்ல நம்ம கார்டு வேலை செய்யும். காசைக் கைல குடுக்காம கவுன்ட்டர்ல இருக்கற சின்னத் தட்டுல வைங்க.

கோயில்மணி: கோயில்ல எப்படிக் கும்பிடணும்? நம்ம நாட்டுத் தொடர்பு உள்ள இடம் இருக்கா?

பதில்: சிவப்புத் தோரணவாசல் இருந்தா ஷின்டோ கோயில், காசு போட்டு ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, கும்பிட்டு, இன்னொரு தடவை குனியணும். புத்தர் கோயில்ல கை தட்டக்கூடாது. 5 யென் காசு போடுவாங்க, அதை கோ-என்னு சொல்றது, பந்தம்ங்கற வார்த்தையும் அதே உச்சரிப்பு.

தொடர்பு நிறையவே இருக்கு. நாரா தோதைஜி பெரிய புத்தருக்கு 752ல கண் திறந்து வெச்சவர் போதிசேனர்ங்கற இந்தியத் துறவி. டோக்கியோ உவேனோ குளத்து நடுவுல இருக்கற பென்டென் சன்னதில இருக்கறது நம்ம சரஸ்வதிதான், ஜப்பான்ல பொதுவா அவங்க கைல வீணைக்குப் பதிலா பிவாங்கற தந்தி வாத்தியம் இருக்கும். ஷின்ஜுகுல நகாமுராயாங்கற கடைல 1927லருந்து போடற இந்தியக் குழம்பு, இங்க வந்து தஞ்சம் புகுந்த சுதந்திரப் போராட்ட வீரர் ராஷ் பிஹாரி போஸ் சொல்லிக் குடுத்தது. சுகினாமில ரென்கோஜி கோயில்ல நேதாஜி அஸ்தின்னு ஒரு பேழையைப் பத்திரமா வெச்சிருக்காங்க, நான் அந்த வாசல்ல இருக்கற அவர் சிலை முன்னாடி கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வருவேன்.

ஒருநாள் மிச்சம்: டோக்கியோல கடைசியா ஒரு நாள் ஃப்ரீ. டவர், டிஸ்னி எல்லாம் வேண்டாம். எங்க போகலாம்?

பதில்: நிப்போரி ஸ்டேஷன்ல இறங்கி யனாகா பக்கம் நடங்க. போர்ல குண்டு வீச்சுக்குத் தப்பின பழைய தெருக்கள் அங்க நிறைய, ஆளுயர மண் சுவர், வாசலுக்கு வாசல் தொட்டிச் செடி, ஒரு பாட்டி தன் வீட்டு முன்னாடி மட்டும் இல்லாம பக்கத்து வீட்டு முன்னாடியும் ரெண்டடி சேர்த்துக் கூட்டிட்டிருப்பாங்க. கடைத்தெருல கட்லெட் மாதிரி இருக்கற குரோக்கே ஒண்ணு வாங்குங்க, சைவம்னா மீன் சேர்க்கலையான்னு கேட்டுட்டு செம்பேங்கற அரிசி பிஸ்கட். மேப்பை மூடி வெச்சிட்டு சந்து சந்தா போங்க, வழி தப்பினா 'சுமிமாசென்'னு கூப்பிட்டா போதும், யாராவது திரும்பற முனை வரைக்கும் கூடவே வருவாங்க. சாயந்தரம் அந்தத் தெருலயே எங்கயாவது நில்லுங்க. 5 மணி வாக்குல, குளிர்காலம்னா இன்னும் சீக்கிரம், கம்பத்துல இருக்கற ஸ்பீக்கர்லருந்து மெல்லிசா ஒரு பாட்டு மெட்டு வரும். பூகம்பம் வந்தா அறிவிக்கறதுக்கு வெச்ச ஸ்பீக்கர், வேலை செய்யுதான்னு தினமும் இப்படித்தான் பார்ப்பாங்க. அது முடியறதுக்குள்ள பார்க்ல விளையாடிட்டிருந்த பசங்க பையைத் தூக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க.