நான் என்றால் எந்தப் பால்?

கேள்வி: எட்டு வயது மகன் அழுதால் "பொம்பளைப் பிள்ளை மாதிரி அழாதே" என்று அதட்டுகிறார் என் கணவர். ஆண் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே அழுகை குறைவு என்கிறார். உண்மையா?

பதில்: அமெரிக்காவில் காண்ட்ரி தம்பதி 1976-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஒன்பது மாதக் குழந்தை ஒன்றைப் படம் பிடித்தார்கள். பெட்டியைத் திறந்தால் திடீரென்று எகிறிக் குதிக்கும் பொம்மை இருக்கிறதல்லவா, அதைக் காட்டியதும் குழந்தை திடுக்கிட்டு அழுதது. அந்தப் படத்தைச் சிலரிடம் 'இது பையன்' என்றும், சிலரிடம் 'இது பெண்' என்றும் சொல்லிக் காட்டினார்கள். பையன் என்று நம்பியவர்கள் குழந்தைக்குக் கோபம் என்றார்கள். பெண் என்று நம்பியவர்கள் பயம் என்றார்கள். ஒரே குழந்தை, ஒரே அழுகை!

இதைப் படித்துவிட்டு "என்ன ஜனங்கள்!" என்று சிரித்த ஆள்தான் நான். அப்புறம் ஒரு நாள் பேரன் வாசற்படியில் தடுக்கி விழுந்தான். "ஒண்ணுமில்லைடா, எழுந்திரு" என்றேன். நாற்காலியை விட்டு நான் எழவில்லை. அடுத்த வாரம் அதே படியில் பேத்தி விழுந்தாள். ஓடிப் போய்த் தூக்கி, முழங்காலை ஊதி, படியை நாலு அடியும் அடித்துவிட்டுத்தான் திரும்பினேன். பேரன் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முழங்காலில் போன வாரத்துக் காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

உங்கள் கணவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன் அடுத்த முறை அழும்போது எதற்கு அழுகிறான் என்று ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் எல்லாமே வளர்ப்புதானா? ஆணைப் பெண்ணாகவே வளர்த்துவிட முடியுமா?

பதில்: முயன்று பார்த்தார்கள். கனடாவில் 1965-இல் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு, கைக்குழந்தையாக இருந்தபோது அறுவைச் சிகிச்சையில் நேர்ந்த விபத்தில் ஆணுறுப்பு சிதைந்துவிட்டது. ஜான் மணி என்ற உளவியலாளரின் யோசனைப்படி பெண் பெயர் வைத்து, கவுன் மாட்டிப் பெண்ணாக வளர்த்தார்கள். பிள்ளைக்கு அது ஒட்டவே இல்லை. பதினான்கு வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கி, டேவிட் என்று பெயரும் வைத்துக்கொண்டார்.

சரி, நிறம், உடை எல்லாம்? அவை ஊரார் கைவேலைதான். பையனுக்கு ரோஸ், பெண்ணுக்கு நீலம் என்பதே பொதுவான விதி என்று 1918-இல் ஓர் அமெரிக்க ஆடை வணிக இதழ் எழுதியது. ரோஸ்தான் உறுதியான நிறமாம்!

கேள்வி: பல வருடமாகப் படிக்கிறேன். தையல் பற்றி எழுதியபோது உங்களைப் பெண் என்று நினைத்தேன். ஸ்கூட்டர் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியதை எழுதியபோது ஆண் என்று முடிவு கட்டினேன். நீங்கள் ஆணா, பெண்ணா?

பதில்: தமிழில் 'நான்' என்ற சொல்லுக்குப் பால் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? வந்தேன், தைத்தேன், கழற்றினேன் என்று இத்தனை வருடம் நிம்மதியாக ஓட்டியாகிவிட்டது. அவன், அவள் என்று வருவதெல்லாம் அடுத்தவர் நம்மைப் பற்றிப் பேசும்போதுதான். இந்தப் பக்கத்தில் எனக்கு வாய்த்த வசதி இது ஒன்றுதான், விடுவேனா?

தைத்ததும் நான், கழற்றியதும் நான். கார்புரேட்டரைப் பற்றி அன்று சொல்ல விட்டுப்போன ஒரு விஷயம்: ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையில், அடைப்பு இருந்தால் காற்றடித்து எடுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, வண்டி பெட்ரோலைக் குடிக்கும். நான் குத்தினேன். தையல் பெட்டி பக்கத்தில் இருந்ததால் வந்த வினை.